அட்மினிஸ்ட்ரேட்டர் பட்டியலில் அவள் எண்

அவள் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் கண்டுபிடித்து என்னைத் திட்டுவதைவிட, இப்போதே ஒரு மூச்சு திட்டிவிட்டு மேலே படிப்பது நல்லது.

நெய்வேலி டவுன்ஷிப்பில், குவார்ட்டர்ஸ்காரர்களின் மராமத்துப் புகார்களை வாங்கிப் பதியும் ஒரு சின்ன அலுவலகம். பத்து வருடத்துக்கு முந்தைய கதை. குழாய் ஒழுகுது, ஃபியூஸ் போயிடுச்சு, பின்கதவுத் தாழ்ப்பாள் கையோடு வந்துடுச்சு என்று ஜனங்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள். அங்கே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. கை வைத்த சுழல் நாற்காலி அவளுடையது, ஏனென்றால் அவள் பர்மனெண்ட். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி என்னுடையது, ஏனென்றால் நான் காண்டிராக்ட். அவள் பி.காம். படித்தவள், நான் எம்.சி.ஏ. நாற்காலிக்கு இதெல்லாம் தெரியாது.

இரண்டு பேரும் பதினோராம் பிளாக்கில் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். நடுவில் ஒரு பலாமரம். பழம் எந்தப் பக்கம் விழுந்தாலும் சரிபாதி. எங்கள் அப்பாக்கள் ஒரே நாளில் சுரங்க வேலைக்குச் சேர்ந்து, ஒரே ஷிப்டில் போய் வந்தவர்கள். என் அப்பா மூத்தவர் என்பதால் அவள் அவரைப் பெரியப்பா என்பாள். நான் அவள் அப்பாவைச் சித்தப்பா என்பேன். நாங்கள் கல்லூரி கடைசி வருடம் படித்தபோது, ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்த சித்தப்பா, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து டீ கேட்டார். டீ வருவதற்குள் போய்விட்டார்.

வேலையில் இருக்கும்போதே இறந்தவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் வாரிசு வேலை அவளுக்குக் கிடைத்தது. குவார்ட்டர்ஸும் அவர்களிடமே இருந்தது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று பிளாக்கில் இருந்தவர்கள் அவர்கள் வீட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். என் அப்பா சர்வீஸை முழுதாக முடித்தார். ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு குரூப் போட்டோ. குவார்ட்டர்ஸைக் காலி செய்து குறிஞ்சிப்பாடியில் இரண்டு அறை வீட்டுக்குப் போனோம். பிறந்து வளர்ந்த ஊருக்கு நான் தினமும் பஸ் ஏறி, கழுத்தில் காண்டிராக்ட் பாஸை மாட்டிக்கொண்டு வந்தேன்.

அப்போது எனக்குள் ஒரு வாக்கியம் ஓடும். ‘என் அப்பாவும் ரிடையர் ஆவதற்கு ஒரு வருஷம் முன்னால்...’ அந்த வாக்கியத்தை நான் ஒருநாளும் முடித்ததில்லை. ஆனால் பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் நாட்களில் பலமுறை ஆரம்பித்திருக்கிறேன்.

அலுவலகத்தில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டரைத் திறக்க ஊழியர் எண் வேண்டும். காண்டிராக்ட்காரர்களுக்கு ஊழியர் எண் கிடையாது. வருடத்துக்கு வருடம் மாறும் பாஸ் மட்டும்தான். அதனால் பர்மனெண்ட் ஆள் தன் எண்ணைப் போட்டுத் திறந்து கொடுப்பார், காண்டிராக்ட் ஆள் உட்கார்ந்து வேலை செய்வார். மூன்று வருடமாக நான் அடித்த ஒவ்வொரு புகாருக்கும் கீழே, ‘பதிவு செய்தவர்’ என்ற இடத்தில் அவள் எண்தான் விழுந்தது. மாதக் கடைசியில் எங்கள் அதிகாரி அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு தப்பு இல்லம்மா, வெரி குட்” என்று அவளைப் பார்த்துச் சொல்வார். அவள் உடனே, “நான் இல்ல சார், எல்லாம் இவதான்” என்பாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது. என் வேலையை எனக்கே தானம் செய்வது போல இருக்கும்.

இந்த நிலைமையில்தான் அலுவலகத்துக்குப் புது சர்வர் வந்தது.

டேட்டாபேஸ் சர்வர் என்றால் பயந்துவிட வேண்டாம். எல்லாப் புகார்களையும் பூட்டி வைக்கும் பெரிய அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் இருப்பார். சாவிக்கொத்து அவரிடம். யார் திறக்கலாம், யார் திறக்கக்கூடாது என்று சொல்வதும் அவர்தான். அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து ப்ரோகிராம் போட ஆள் வர்றான். அதுக்குள்ள டேட்டாபேஸ் சர்வர இன்ஸ்டால் பண்ணி ரெடியா வைக்கணும். யாருக்குத் தெரியும்?”

“நான் பண்றேன் சார்” என்றேன், அவர் முடிப்பதற்குள்.

“அப்ப நீதான்மா அட்மினிஸ்ட்ரேட்டர். உனக்குத் தனியா லாகின் போடச் சொல்லி லெட்டர் எழுதிடறேன்.”

அன்று குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. என் பெயரில் ஒரு லாகின். வேறு எவருடைய எண்ணும் இல்லாமல், நான் செய்ததற்கு என் பெயர். அதற்கு மேல் எனக்கு அந்த வயதில் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைக்கப்போகிறது என்பதும் சேர்ந்துதான், மறைப்பானேன்.

வியாழக்கிழமை அவள் லீவு. ஆனாலும் காலையில் பத்து நிமிடம் வந்தாள். புது மெஷினில் எதையும் நிறுவும் உரிமையை, பர்மனெண்ட் என்பதால் அவள் எண்ணுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். எனக்கு வரவேண்டிய லாகின் இன்னும் வரவில்லை. தலைக்குக் குளித்த ஈரத்தோடு நின்றபடியே தன் எண்ணையும் பாஸ்வேர்டையும் அடித்துத் திறந்து கொடுத்தாள்.

“இன்னிக்கு அப்பா தெவசம்டி. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடு.”

“வேலை இருக்கே” என்றேன். வருடா வருடம் அவள் கூப்பிடுவாள், வருடா வருடம் எனக்கு வேலை இருக்கும்.

இன்னொன்றும் மனதில் உறுத்தியது. பாஸ்வேர்டை அந்த வாரம்தான் மாற்றியிருந்தாள். எப்போது மாற்றினாலும் என்னிடம் சொல்லிவிடுவாள். இந்தத் தடவை மட்டும் சொல்லவில்லை. சர்வர் வந்ததும் என்னை நம்பாமல் போய்விட்டாள் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்தேன். அது ஒவ்வொரு பக்கமாகக் கேள்வி கேட்டது, நான் ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தில், இந்த சர்வருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் யார் என்று கேட்டது. கீழே ஒரு பொத்தான்: இப்போது இருக்கும் ஆளைச் சேர்க்கவும். இப்போது இருப்பது யார்? நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான். அவள் நாற்காலியில்தான், ஆனாலும் நான். சந்தோஷமாக அழுத்தினேன். மூன்று வருடம் அவள் எண்ணுக்குள் உட்கார்ந்தே வேலை செய்த பழக்கத்தில், மெஷினுக்கு என்னைத் தெரியாது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

எல்லாம் முடிந்து, மெஷினை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது. போட்டேன். அதே நேரத்தில் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒருவர் வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். என் லாகின். முன்னால் காண்டிராக்ட்டைக் குறிக்கும் ஒரு எழுத்து, பின்னால் என் பெயர். அதை அடித்து உள்ளே போனேன். திரையின் மூலையில் என் பெயர் இருந்தது. ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து அதையே பார்த்தேன். பிறகு சர்வரைத் திறந்தேன்.

லாகின் ஃபெயில்டு.

சிவப்பு வட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்திலேயே என் பெயரைப் போட்டு, இவரை உள்ளே விட முடியாது என்று எழுதியிருந்தது. மறுபடி முயன்றேன். மறுபடி அதே. பொதுவாக அட்மினிஸ்ட்ரேட்டருக்கென்று வேறொரு கணக்கு அதற்குள்ளேயே இருக்கும். அதன் வழியாகப் போய்ப் பார்த்தேன். நான் ‘நெக்ஸ்ட்’ தட்டிய அவசரத்தில் அந்த வழியும் மூடியே கிடந்தது. சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்யலாம் என்றால், காண்டிராக்ட் லாகினுக்கு அந்த உரிமை இல்லை என்றது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதுதான்.

அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. சர்வர் கேட்ட ‘இப்போது இருக்கும் ஆள்’ நான் இல்லை, அவள். வீட்டில் வடை சுட்டுக்கொண்டிருக்கும் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, சாவிக்கொத்தை இடுப்பில் செருகிவிட்டது நானேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. என் காதில் அப்போது வந்த புகையை அளந்திருந்தால் அனல்மின் நிலையம் தோற்றிருக்கும்.

அவளுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார்.

“படையல் போட்டுகினு இருக்குதும்மா. இப்பப் பேச முடியாது. நீயே வந்துட்டுப் போயேன், ஒரு வாய் சாப்புட்டுகினு போவலாம்.”

வேறு வழியில்லாமல் ஸ்கூட்டி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பதினோராம் பிளாக்குக்குப் போனேன். காலி செய்த பிறகு அந்தத் தெருவுக்குள் நான் போனதே இல்லை. எங்கள் பழைய குவார்ட்டர்ஸில் யாரோ நீலத் திரைச்சீலை போட்டிருந்தார்கள். பலாமரத்தைப் பார்க்காமல் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

சித்தப்பாவின் ஐ.டி. கார்டு போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். முன்னால் வாழை இலை, வடை, பாயசம், மடித்து வைத்த புது வேட்டி, ஒரு டம்ளரில் டீ. இலைக்கு முன்னால் கற்பூரத் தட்டோடு ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். சட்டை தெரிந்த சட்டையாக இருந்தது. திரும்பினால், என் அப்பா.

காலையில் “பேங்க்கு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்று எங்களிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. சித்தப்பா இறந்த வருடத்திலிருந்து கற்பூரம் காட்டுவதும், காக்கைக்குச் சோறு வைப்பதும் என் அப்பாதான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“நீ எங்க இங்க?” என்றார் அப்பா.

“நீங்க எங்க இங்க?” என்றேன்.

அவர் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். “சொன்னா உனுக்குப் புடிக்காதுன்னுதான் சொல்லல. இந்தப் புள்ள வூட்டுப் பேச்ச எடுத்தாலே மூஞ்சத் தூக்கி வச்சிக்கிற. நான் இன்னா பண்றது?”

அவள் அவர் பக்கத்திலேயே நின்றிருந்தாள். “பெரியப்பா, மொதல்ல சாப்பிடுங்க, மாத்திரை போடணும்ல” என்றாள். என் அப்பா மாத்திரை போடும் நேரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. வேலை அவளிடம், குவார்ட்டர்ஸ் அவளிடம், சர்வர் அவளிடம். இருந்த ஒரே ஒரு அப்பாவையும் பங்கு கேட்டு வந்துவிட்டாள் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபத்தில் வரும் அழுகை அது. பந்தியில் இரண்டு வாய் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு எழுந்தேன்.

சமையலறையில் அவளைத் தனியே பிடித்து, சர்வர் என்னை உள்ளே விடாததைச் சொன்னேன். அட்மினிஸ்ட்ரேட்டராக விழுந்திருப்பது அவள் என்பதைச் சொல்லவில்லை. “உன் லாகின்ல போனாதான் சரி பண்ண முடியும். பாஸ்வேர்டு சொல்லு.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். “சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு, அதான் அன்னிக்கே சொல்லல. இங்கிலீஷ்ல அப்பான்னு போட்டு அவரோட டோக்கன் நம்பர்டி. தெவசம் வருதேன்னு மாத்தினேன். தினமும் காலைல ஒரு தடவை அடிக்கலாம்ல.”

எனக்கு அந்த எண்ணைச் சொல்லவே வேண்டியதில்லை. சுரங்கத்தில் சேரும்போது வரிசையாகக் கொடுக்கும் எண் அது, என் அப்பாவுடைய டோக்கனுக்கு அடுத்தது.

அலுவலகத்துக்குத் திரும்பி அவள் லாகினில் அடித்தேன். கை பழக்கத்தில் கடைசி இலக்கத்தை என் அப்பாவுடையதாக அடித்துவிட்டேன். உள்ளே விடவில்லை. திருத்தி அடித்ததும் திறந்துகொண்டது. அட்மினிஸ்ட்ரேட்டர் பட்டியலில் அவள் எண் மட்டும் இருந்தது. கீழே என் பெயரைச் சேர்த்தேன். அவள் லாகினிலிருந்து வெளியே வந்து, என் லாகினில் போய்ப் பார்த்தேன். சர்வர் மறுபேச்சு இல்லாமல் திறந்தது. வேலை அங்கேயே முடிந்துவிட்டது. நான் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

போகவில்லை. பட்டியலில் அவள் எண்ணைத் தொட்டு, ‘நீக்கு’ என்பதை அழுத்தினேன். உறுதியாகத்தானா என்று அது கேட்டது. உறுதியாகத்தான் என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மெட்ராஸ் ஆள் வந்தார், என் லாகினிலேயே ப்ரோகிராமைப் போட்டார். “நீட்டா பண்ணி வச்சிருக்கீங்க மேடம்” என்றார். அதிகாரி எல்லோர் முன்னாலும் என்னை “அட்மினிஸ்ட்ரேட்டர் மேடம்” என்று கூப்பிட்டார். அந்த ஒரு நாளை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கலாம், அவ்வளவு நன்றாக இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது அந்த ஆள், “இன்னொருத்தரும் திறந்து பாத்துடுங்க” என்று அவளைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தன் எண்ணில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். திறந்தது. சர்வரைத் தொட்டாள். சிவப்பு வட்டம் வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் கட்டத்தில் தானே அடித்துப் பார்த்தாள். மறுபடி வட்டம். மூன்றாவது முறை ஒற்றை விரலால், ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கைப்பையைத் திறந்து, பர்ஸுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். அவள் அப்பாவின் ஐ.டி. கார்டு நகல். வாரிசு வேலைக்கு மனு கொடுத்தபோது எடுத்ததாக இருக்கும், மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அதைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, எண்ணை விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள்.

“நேத்துதான் படையல் போட்டேன். அதுக்குள்ள அப்பா நம்பர மறந்துட்டேனாடி?” என்று கேட்டாள். “கம்ப்யூட்டர் தொறக்கறப்ப கை தானா அடிச்சுடுச்சு. இங்க கார்டுல இருக்கறததான் அடிக்கிறேன். உள்ள விட மாட்டேங்குது.”

“நீ சரியாத்தான் அடிக்கிற. சர்வர்லதான் கோளாறு. நகரு” என்றேன். என் லாகினில் போய் அவள் எண்ணை மறுபடி பட்டியலில் சேர்த்தேன். எண்கள் முதலிலும் எழுத்துகள் பிறகும் வரும் வரிசை அது. அதனால் அவள் மேலே போய் உட்கார்ந்தாள், நான் கீழே. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவள் மறுபடி முயன்றாள். திறந்தது. தாளை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, “தேங்க்ஸ்டி. நீ இல்லன்னா நான் பயந்தே போயிருப்பேன்” என்றாள். கோளாறு சர்வரில் இல்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். இன்றுவரை சொல்லவில்லை.

குறிஞ்சிப்பாடியில் பஸ் இறங்கி வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தைய நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

“கம்ப்யூட்டர் தொறந்துகிச்சா?” என்று கேட்டார்.

“ம்.”

“அந்தப் புள்ளைக்கும்?”

“அவளுக்கும்தான்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவள் சாப்பிட்டாளா என்றுதான் அடுத்துக் கேட்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒரு டீ போட்டுக் குடும்மா” என்றார் அப்பா.

பையைக் கழற்றாமலே அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பொங்க அன்றைக்குப் போல நேரமானதே இல்லை. சமையலறையிலிருந்து வாசலுக்கு மூன்று முறை வந்து எட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை அவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா?”

“ஒண்ணுமில்லப்பா” என்றேன். “சக்கரை போடலாமா, வேணாமா?”